எதிரே வரும் ஜக்கம்மாள்

ராஜகுரு வலது காலை வாசற்படியில் வைத்தபடி நின்று வெகுநேரமாகிவிட்டது. மதுரை பஸ் ஆறரைக்கு. இண்டர்வியூ பத்து மணிக்கு. எதிரே வரவேண்டிய ஜக்கம்மாளைத்தான் காணோம்.

"கால எடுத்துறாதய்யா, அவ வரட்டும்" என்றாள் அம்மா சௌந்தரம்.

"பஸ்ஸு போயிரும்மா."

"பஸ்ஸு போனா இன்னொரு பஸ்ஸு வரும். ஒனக்கு இன்னொரு இண்டர்வியூ வருமா?"

வராது. ஆவணி பிறந்தால் சர்க்கார் உத்தியோகத்துக்கான வயது வரம்பை ராஜகுரு தாண்டிவிடுவான். இதுதான் கடைசி.

அவன் பி.ஏ., பொருளாதாரம். வேலையில்லாத் திண்டாட்டத்தின் காரணங்களைப் பரீட்சையில் விளக்கி நல்ல மார்க் வாங்கிவிட்டு, நேராகப் போய் அந்தத் திண்டாட்டத்தில் சேர்ந்துகொண்டவன். ஆனால் மனம் தளராமல் இருப்பதில் அருப்புக்கோட்டையில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. விடியற்காலையில் பச்சைத் தண்ணீர்க் குளியல், தண்ணீர் இருக்கிற நாட்களில். கண்ணாடியைப் பார்த்து, "குட் மார்னிங் சார்." சாயங்காலம் டீக்கடையில் மற்ற வேலையற்றவர்களுக்கு விடாமுயற்சி பற்றிப் பிரசங்கம். கேட்டவர்களுக்கெல்லாம் ஒவ்வொருவராக வேலை கிடைத்து, வருவது நின்றுபோனது. பிரசங்கி மட்டும் ஒருநாளும் தவறவில்லை.

ஜக்கம்மாள் விஷயத்தில் அவனுக்குச் சிறு சங்கடம் உண்டு. அவன் பகுத்தறிவுவாதி. ஆகவே கேட்டவர்களிடம், "இது சகுனமில்ல, சைக்காலஜி. மனசுக்கு ஒரு தெம்பு" என்று விளக்குவான்.

எதிர்வீட்டுச் சங்கரலிங்கம் எஸ்.எஸ்.எல்.சி.யையே மூன்று தடவை எழுதியவன். அவன் முதல் இண்டர்வியூவுக்குப் புறப்பட்டபோது, தலையில் நிறைகுடமும் நெற்றியில் காலணா அகலப் பொட்டுமாக ஜக்கம்மாளை எதிரே வரச் செய்தார்கள். போனான், தந்தி ஆபீஸில் உட்கார்ந்தான். சௌந்தரம் அன்றைக்கே ஜக்கம்மாளைப் பேசி முடித்துவிட்டாள். தடவைக்கு எட்டணா, நாலு இட்லி. அது ஆயிற்று மூன்று வருடம். ராஜகுரு எந்த ஊருக்குக் கிளம்பினாலும், தலையில் பித்தளைக் குடத்தோடு ஜக்கம்மாள் எதிரே வந்துவிடுவாள்.

இன்றைக்கு என்று பார்த்து ஆளைக் காணோம்.

பொறுமையிழந்து ராஜகுரு தெருவில் இறங்கினான். எண்ணெய்க் கடை ஒலி முகம்மது சைக்கிளில், ஹேண்டில்பாரில் எண்ணெய் டின் தொங்க, நேர் எதிரே வந்தான்.

"எண்ணெய்!" என்று அலறிய சௌந்தரம் மகனை உள்ளே இழுத்தாள். "ஒக்காரு. ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் புறப்படு."

"ஏலே, என்னயப் பாத்து எதுக்குலே ஓடுற?" என்றான் ஒலி முகம்மது வெளியிலிருந்து. "நான் என்ன புலியா?"

"நீ இல்ல மாப்ள, ஒன் டின்னு!"

சௌந்தரம் பக்கத்து வீட்டுக் கஸ்தூரியைப் பிடித்தாள். "கஸ்தூரி, ஒரு கொடம் தண்ணியோட எதுக்க வந்துட்டுப் போடி."

"மழ பேஞ்சு ரெண்டு வருசமாச்சு, கொடம் நெறயத் தண்ணிக்கு எங்க போவேன் அத்த? பாதிக் கொடந்தான் இருக்கு."

"அது போதும், வா."

"பாதிக் கொடத்துக்குப் பாதிச் சம்பளந்தான் கெடைக்கும். அப்புறம் என்னயக் கொற சொல்லக்கூடாது."

கஸ்தூரி குடத்தோடு வந்தாள். ராஜகுரு படியிறங்கினான். பத்தடி இருக்கும்போது அவள், "அச்!" என்றாள்.

ஒற்றைத் தும்மல்.

"இன்னொன்னு போடுடி! ரெட்டத் தும்மலாயிட்டாப் பாதகமில்ல!"

கஸ்தூரி சூரியனைப் பார்த்தாள், மூக்கை நிமிண்டினாள். "வர மாட்டேங்குது அத்த."

மறுபடியும் உள்ளே. மறுபடியும் ஒரு வாய் தண்ணீர். இப்படி ஒவ்வொரு வாயாக, இண்டர்வியூவுக்குப் போகிறவன் வயிற்றில் கஸ்தூரியிடம் இல்லாத மீதிப் பாதிக் குடமும் சேர்ந்துவிட்டது.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஹாரன் கேட்டது.

"ஏறுலே கேரியர்ல!" என்றான் ஒலி முகம்மது. "டின்ன ஒங்க வீட்டுல வச்சிட்டேன். சகுனம் ஒண்ணும் பின்னால வராது."

சௌந்தரத்தின் கூச்சலைக் காதில் வாங்காமல் ராஜகுரு ஏறிக்கொண்டான். சைக்கிள் பறந்தது. தெருமுனை திரும்பியதும் எதிரே, பொட்டும் குடமுமாக, மூச்சிரைக்க ஜக்கம்மாள்!

"வந்துட்டாக!" என்று பகுத்தறிவுவாதி கேரியரில் துள்ளினான். அந்தத் துள்ளலில் சைக்கிள் ஆட, அவனும் ஒலி முகம்மதும் ஜக்கம்மாளும் தெருவில் விழுந்தார்கள். வெள்ளைச் சட்டை போனால் போகிறது என்று, சர்ட்டிபிகேட் பையை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிக் கண்ணை மூடிக்கொண்டு நனையத் தயாரானான் ராஜகுரு.

எதுவும் நனையவில்லை.

கண்ணைத் திறந்தான். குடம் கணீர் கணீரென்று ஒலித்தபடி தெருவில் உருண்டுகொண்டிருந்தது. அது போன வழியெல்லாம் புழுதி, புழுதியாகவே கிடந்தது.

பின்னால் ஓடிவந்த சௌந்தரம் நெஞ்சில் கைவைத்தாள். "அடியே, வெறுங்கொடமா?"

ஜக்கம்மாள் சேலையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். "எப்பவும் இப்படித்தானக்கா."

"எப்பவுமா?" என்றான் ராஜகுரு. "விருதுநகர் இண்டர்வியூக்கு?"

"அன்னைக்கும் வெறுங்கொடந்தான்."

"திருச்சிக்கு?"

"அன்னைக்கும்."

"விடுலே" என்றான் ஒலி முகம்மது, முழங்காலைத் தடவியபடி. "சகுனமா என்ன? சைக்காலஜிதான?"

தூரத்தில் மதுரை பஸ் கியர் மாற்றிப் போகிற சத்தம் கேட்டது.

"ஜக்கம்மாக்கா" என்றான் ராஜகுரு, அழாத குறையாக. "ஒங்களுக்கு நான் என்ன கெடுதல் செஞ்சேன்?"

"ஒண்ணும் செய்யல தம்பி" என்றாள் ஜக்கம்மாள், குடத்தின் நெளிவைத் தடவிக்கொண்டே. "எதிர்வீட்டுச் சங்கரலிங்கம் தம்பிக்கு நெறகொடந்தான் கொண்டாந்தேன், ஒரே தடவையில வேல கெடச்சுப் போயிட்டாக, என் எட்டணாவும் இட்லியும் அன்னைக்கோட நின்னுபோச்சு. பி.ஏ. படிச்சவுக, நீங்களே சொல்லுங்க, மறுபடியும் அந்தத் தப்பச் செய்யலாமா?"