மாப்பிள்ளை ஆபீஸ் சுற்றறிக்கையும் எங்கள் வீட்டு சீனா போனும்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் ஆசியுடன் எழுதிக்கொள்வது. நானும் உங்கள் அத்தையும் இங்கே நலம். நாங்கள் நலம் என்பதை, ஹாலில் நீங்கள் மாட்டிவிட்டுப் போன கேமராவில் தினமும் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்பதால் அதைப் பற்றி அதிகம் எழுதவில்லை. உங்கள் நலமும் என் மகள் நலமும் பேத்தி குட்டியின் நலமும் அறிய ஆவல். உங்கள் வீட்டைக் காட்டுகிற கேமரா எங்களிடம் இல்லை. ஹால் கேமரா வந்ததிலிருந்து அத்தை காலையில் முகம் கழுவி, தலை வாரி, பொட்டு வைத்த பிறகுதான் ஹாலுக்கே வருகிறாள். "மாப்பிள்ளை எப்பப் பாப்பாரோ, யாரு கண்டா" என்கிறாள். "தினமும்தான் பாக்கறோமே மாமா, இதுக்குன்னு லீவு போட்டு வரணுமா" என்று போன தடவை சொன்னீர்கள். நியாயம்தான். நீங்கள் எங்களைப் பார்க்கிறீர்கள், நாங்கள் கேமராவைப் பார்க்கிறோம்.

நிற்க. உங்கள் இலாகா சுற்றறிக்கை விஷயம். இதைப் போனில் பேசவே கூடாது என்று நீங்கள் போனில் சொன்னபடியால் தபாலில் எழுதுகிறேன். தலையில் சிவப்பு எழுத்தில் 'ரகசியம்' என்று போட்ட அந்தச் சுற்றறிக்கையை, எந்தப் போனை வீட்டைவிட்டு அகற்றச் சொல்கிறதோ அதே போனுக்குத்தான் நீங்கள் அனுப்பியிருந்தீர்கள். ஆகவே சீனாக்காரர்களும் எங்களோடு சேர்ந்தே அதைப் படித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். நான் கண்ணாடியைத் தேடி எடுத்து வருவதற்குள் அவர்கள் படித்து முடித்திருக்கவும் கூடும். சீனத் தயாரிப்பான, கேமராவும் மைக்கும் இணையமும் உள்ள எந்தக் கருவியும் ஊழியரின் நெருங்கிய உறவினர் வீட்டில் இருக்கக் கூடாது, இருந்தால் அந்த வீட்டில் ஊழியர் தங்கக் கூடாது என்று தெளிவாகவே எழுதியிருந்தது. அதன் கீழே நீங்கள், "மாமா, அந்தப் போன் இருக்கற வரைக்கும் லீவுக்கு எங்களால வர முடியாது, தப்பா எடுத்துக்காதீங்க" என்று எழுதியிருந்தீர்கள். தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அத்தை அதற்குள் மெத்தை உறைகளையெல்லாம் துவைத்துக் காயப்போட்டு விட்டாள். அவற்றை எடுத்து மடிக்கும்போது அவள் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அந்தப் போனை நான் வாங்கியது சீனாவுக்கு உதவுவதற்காக அல்ல என்பதைத் தாங்கள் மேலிடத்தில் தெரிவிக்கலாம். குட்டியின் முகம் பெரிதாகத் தெரிய வேண்டும், பேசிக்கொண்டிருக்கும்போது சார்ஜ் தீரக் கூடாது, இந்த இரண்டுக்காகத்தான் வாங்கினேன். உங்கள் அத்தைக்கு வேறொரு காரணமும் இருந்தது. அதில் படம் எடுத்தால் கழுத்துச் சுருக்கம் தெரியாது. "மத்த போன்ல எடுத்தா எங்கம்மா மாதிரி இருக்கேன், இதுலதான் நான் நானா இருக்கேன்" என்பாள். போன் அடித்தால் மணி கேட்காது, குட்டியின் குரல்தான் கேட்கும். "தாத்தா, போன எடு! தாத்தா, போன எடு!" என்று அவள் கத்துவதை என் மகள்தான் பதிவு செய்து வைத்துக் கொடுத்தாள். வங்கிக்காரன் கூப்பிட்டாலும் குட்டிதான் கத்துவாள். அதனால் கடன் அட்டை விற்பவர்களிடம்கூட நான் கோபமாகப் பேசியதில்லை.

சுற்றறிக்கை வந்த அன்று மாடி அறையில் குடியிருக்கும் இன்ஷூரன்ஸ்காரரிடம் ஆலோசனை கேட்டேன். பெயரைச் சொல்லாமல், "எனக்குத் தெரிந்த ஒருவருக்கு" என்று ஆரம்பித்துத்தான் கேட்டேன். அவர், "சார், உங்க போன் ஆஃப்ல இருந்தாலும் கேட்டுட்டேதான் இருக்கும். இரும்பு டப்பால காத்துப் புகாம மூடி வச்சா மட்டும்தான் தப்பிக்கலாம்" என்றார். எங்கள் வீட்டில் காற்றுப் புகாத ஒரே பாத்திரம் குக்கர்தான். உள்ளே துணியைப் போட்டு, போனை வைத்து, ரப்பர் வளையத்தைச் சரிபார்த்து, மூடி, மேலே வெயிட்டையும் போட்டேன். மனசுக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியில் அத்தையிடம் சொல்ல மறந்துவிட்டேன். அவள் தான் காய் போட்டு மூடிவைத்த குக்கர் என்று நினைத்து அதைத் தூக்கி அடுப்பில் வைத்துப் பற்றவும் வைத்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து குக்கருக்குள்ளிருந்து "தாத்தா, போன எடு!" என்று குட்டி கத்தினாள். அத்தை கரண்டியைக் கீழே போட்டுவிட்டு என்னைக் கூப்பிட்ட கூப்பாட்டில் மாடியிலிருந்து இன்ஷூரன்ஸ்காரர் இறங்கி வந்துவிட்டார். அடுப்பை அணைத்து, எடுத்துப் பார்த்ததில் போனுக்கு ஒன்றும் ஆகவில்லை, லேசான சூடுதான். "குக்கருக்குள்ள எப்படிங்க சிக்னல் கிடைச்சுது?" என்று அவரைக் கேட்டேன். "நல்ல போன் சார் அது" என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டார்.

அதன்பிறகு போன் இருக்கும் அறையில் பேசுவதில்லை என்று முடிவு செய்தேன். முக்கியமான விஷயங்களைப் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டுத்தான் பேச வேண்டும் என்று அத்தையிடம் சொன்னேன். "நமக்கு என்னங்க முக்கியமான விஷயம் இருக்கு?" என்றாள். உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். எதுவும் தோன்றவில்லை. கொஞ்சம் அவமானமாகக்கூட இருந்தது. வேலையில் இருந்த காலம் முழுக்க வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் ரீடிங் எடுத்தவன் நான். மீட்டரைப் பார்த்தே இந்த வீட்டில் விருந்தாளி வந்திருக்கிறார்கள், அந்த வீட்டில் புருஷன் பெண்டாட்டி தனித்தனி அறையில் படுக்கிறார்கள் என்று சொல்லிவிடுவேன். சீனாவிலும் என்னைப் போல ஒருவர் உட்கார்ந்து, எங்கள் வீட்டுப் பேச்சை ரீடிங் எடுத்துக்கொண்டிருப்பார் அல்லவா? அந்த மனிதர் காலை முதல் மாலை வரை எங்களைக் கேட்டு என்னதான் எழுதுவார்? கண்ணாடியை எங்கே வைத்தேன், ஃபேனை நிறுத்து, நீ நிறுத்து, இவ்வளவுதானே. அவருக்காக ஒருநாள் உலக விஷயம் கொஞ்சம் சத்தமாகப் பேசினேன். அத்தை வந்து டிவியைக் குறைக்கச் சொன்னாள்.

இதற்கிடையில் அவள் கட்சி மாறிவிட்டாள். ஒரு மத்தியானம் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அக்காவிடம் தன் முட்டி வலியைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். பேசி முடித்த கையோடு போனில் முட்டி வலித் தைல விளம்பரம் வந்துவிட்டது. நேராக என்னிடம் கொண்டுவந்து நீட்டினாள். "பாத்தீங்களா? ஒரே ஒரு தடவ சொன்னேன், மருந்தோட வந்து நிக்கறான். உங்ககிட்ட எத்தன வருஷமா சொல்லிட்டிருக்கேன்?" மறுநாள் அவள் இல்லாத நேரமாகப் பார்த்து, தெருமுனையில் சாக்கடை பொங்குவதைப் பற்றி நானும் போனிடம் தெளிவாக எடுத்துச் சொன்னேன். தெரு, வார்டு எல்லாம் சொன்னேன். கொசுவுக்குக் கம்பி வலை விளம்பரம்தான் வந்தது. சாக்கடை அவர்கள் இலாகாவில் வராது போலிருக்கிறது.

வேறு போன் பார்க்கலாம் என்று இருவருமாகக் கடைக்குப் போனோம். கடைக்காரர் பொறுமைசாலி. "யாரும் ஒட்டுக் கேட்காத போனாகக் காட்டுங்கள்" என்றேன். "அப்படி ஒரு மாடல் இன்னும் வரல சார். யாரு கேக்கணும்னு சொல்லுங்க, அதுக்கேத்த மாதிரி காட்டறேன்" என்றார். ஒன்றை எடுத்து வைத்து, "இது சீனா கம்பெனி" என்றார். வேண்டாம் என்றேன். வேறொன்றை எடுத்தார். பெட்டியைப் பார்த்தாலே விலை தெரிந்தது. "இது இன்னொரு பெரிய நாடு. இதுவும் கேக்கும் சார், ஆனா மரியாதையா கேக்கும். மொதல்ல உங்க சம்மதத்த வாங்கிக்கும்." சம்மதம் தராவிட்டால்? "போன் ஓடாது சார்." மூன்றாவதாக, நம்ம நாட்டுக் கம்பெனி என்று ஒன்றைக் காட்டினார். எனக்குப் பெருமையாகிவிட்டது. கையில் வாங்கித் தடவிப் பார்த்தேன். "டப்பா நம்மது சார்" என்றார். உள்ளே? "உள்ள எல்லாம் அவங்கதான்."

"நம்ம அரசாங்கம் கேட்குமா, அதைச் சொல்லுங்கள்" என்றேன். கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அதுக்குத் தனியா போன் வேணுமா சார்? சிம் வாங்கும்போது கைரேகை வச்சீங்கல்ல?" என்றார்.

இதைக் கேட்டதும் உங்கள் அத்தை கடையிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "ஏங்க, கேக்கறதுன்னு ஆயிப்போச்சு. அப்பத் தூரத்துல இருக்கறவனே கேக்கட்டும். மாடி ரூமுக்குப் பிளான் இல்லன்னு சீனாக்காரனுக்குத் தெரிஞ்சா என்ன பண்ணுவான்? கப்பல் ஏறி வந்து இடிப்பானா? நம்ம ஆபீஸ்காரனுக்குத் தெரிஞ்சா சாயங்காலமே வாசல்ல நிப்பான்." கடையில் வேறு இரண்டு பேர் இருந்தார்கள். அவர்கள் எந்த ஆபீஸ் என்பது தெரியாததால் நான் சிரித்து மழுப்பி அவளை வெளியே அழைத்து வந்தேன். ஆனால் வழி நெடுக யோசித்ததில், அவள் சொன்னதில் தப்பு எதுவும் எனக்குத் தெரியவில்லை. அரசாங்கம் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டால் என்ன செய்யும் என்பது எனக்கு அனுபவத்தில் தெரியும். பில் அனுப்பும். சீனாவிலிருந்து இதுவரை பில் வரவில்லை.

இருந்தாலும் மாப்பிள்ளை, நியாயத்தைப் பார்த்தால் குட்டியைப் பார்க்க முடியாது. இதுதான் கடைசியில் எங்களை முடிவெடுக்க வைத்தது. போனில் அவள் முகம் எவ்வளவு பெரிதாகத் தெரிந்தாலும், மடியில் உட்கார வைக்க முடிகிறதா? ஆகவே மறுபடி கடைக்குப் போய் அந்தப் போனைக் கொடுத்துவிட்டு, பட்டன் வைத்த சாதாரணப் போன் ஒன்றை வாங்கிவிட்டேன். அதில் கேமரா கிடையாது, இணையம் கிடையாது. கத்திப் பேசினால்தான் எதிரில் இருப்பவருக்கே கேட்கும் என்பதால் ஒட்டுக் கேட்பவர்களைப் பற்றிய கவலையும் கிடையாது. பழைய போனில் இருந்ததையெல்லாம் கடைக்காரர் அழிக்கும்போது, குட்டியின் குரலை மட்டும் புதுப் போனுக்கு மாற்றித் தர முடியுமா என்று கேட்டேன். "இதுல ஏறாது சார்" என்றார். இப்போது போன் அடித்தால் வெறும் மணிதான் அடிக்கிறது. இரண்டு நாளாக வங்கிக்காரர்களிடம் எரிந்து விழுகிறேன். அது போனதில் எனக்கு வருத்தம்தான், மறைக்க விரும்பவில்லை.

ஆக, எங்கள் வீட்டில் இப்போது சீனக் கருவி என்று எதுவும் இல்லை என்று உறுதியளிக்கிறேன். உங்கள் மேலதிகாரிகள் எவ்வளவு பெரிய மேஜையில் வைத்து வேண்டுமானாலும் இந்தக் கடிதத்தைப் படிக்கலாம், மாடி அறை பற்றிய பகுதியை மட்டும் தாங்கள் விரலால் மறைத்துக்கொள்ளவும். நீங்கள் மூவரும் தாராளமாக வந்து தங்கலாம். அத்தை மெத்தை உறைகளை மறுபடி எடுத்துப் போட்டு, வீடு முழுக்க ஒட்டடை அடித்துக்கொண்டிருக்கிறாள். என் மகளுக்கு என் அன்பைச் சொல்லவும். குட்டிக்கு ஆயிரம் முத்தம். உங்களுக்குச் சீக்கிரமே பதவி உயர்வு வந்து, அது என்ன பதவி என்று எங்களிடம் சொல்ல அனுமதியும் கிடைக்க வேண்டும் என்று வாழ்த்தும்,

தங்கள் அன்பு மாமனார்.

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போட்டு ஒட்டப்போகும் நேரத்தில் அத்தை ஹாலிலிருந்து கூப்பிட்டாள். ஒட்டடை அடிக்க நாற்காலி மேல் ஏறியவள், நீங்கள் மாட்டிய கேமராவையும் துடைக்கலாம் என்று கழற்றியிருக்கிறாள். அடியில் சின்னதாக ஏதோ எழுதி ஒட்டியிருந்தது. கண்ணாடி போட்டுப் படித்தேன். அதே நாடுதான். சுற்றறிக்கை கைவசம் இல்லை, போனோடு போய்விட்டது. ஆனால் மனப்பாடமாக இருக்கிறது. கேமரா இருக்கிறது. மைக் இருக்கிறது. இணையத்துக்கு நீங்கள்தான் மாதாமாதம் பணம் கட்டுகிறீர்கள். பார்க்காத மாதிரி மாட்டிவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். "ஐயோ, மாப்பிள்ளை வேலைக்கு ஏதாவது ஆயிட்டா?" என்று அத்தை பதறிவிட்டாள். ஒயரைப் பிடுங்கிக் குக்கரில் வைத்து மூடிவிட்டோம். இந்தத் தடவை அவளிடம் சொல்லிவிட்டுத்தான் வைத்தேன்.

ஆகவே மேலே எழுதிய உறுதிமொழி, அதை எழுதிய நேரத்தில் பொய். இப்போதுதான் உண்மை. இனி எங்களைப் பார்க்க உங்களிடம் வேறு கருவி எதுவும் இல்லை, நேரில்தான் வர வேண்டியிருக்கும். அத்தை இன்று தலை வாராமலே ஹாலில் உட்கார்ந்திருக்கிறாள். வருகிற தேதியை எழுதினால் அன்றைக்கு வாரிக்கொள்வாள்.