பெருந்தொற்று, அரசாங்கம், அதற்கடுத்து அக்கா

என்றும் என் மதிப்புக்குரிய அக்காவுக்கு, உன் தம்பி பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம். அங்கே நீயும் அத்தானும் நலமாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் விருப்பம். நீ கோபமாக இருக்கிறாய் என்பது தெரியும். கோபத்திலும் நலமாக இரு. போன் செய்தால் எடுப்பதில்லை. நேரில் வந்து மணி அடித்தால் அத்தான் கதவை அரையாகத் திறந்து, "அவ தூங்குறாப்பா" என்கிறார். உள்ளேயிருந்து, "நல்லா தூங்குறான்னு சொல்லுங்க" என்று உன் குரலே வருகிறது. ஆகையால் கடிதம்.

விஷயம் இதுதான். மாதக் கடைசிக்குள் உன் வீட்டுக் கீழ்த்தளத்தைக் காலி செய்யும்படி உன் மருமகளுக்கு, அதாவது என் பெண்ணுக்கு, நீ செய்தி அனுப்பியிருக்கிறாய். பாத்திர மூடிகளை இணையத்தில் விற்கும் அவளுடைய கம்பெனிக்கு இருக்கும் ஒரே கிடங்கு அதுதான். கம்பெனி பங்கு வெளியிடப்போகும் இந்த நேரத்தில் கிடங்கு போய்விட்டால், விலாசத்தை மாற்றி எல்லாக் காகிதங்களையும் முதலிலிருந்து கொடுக்க வேண்டும், அதற்குள் பணம் போட முன்வந்தவர்கள் பறந்துவிடுவார்கள் என்று கம்பெனியின் வக்கீலம்மா சொல்லிவிட்டார். பாவம், என் பெண், எனக்கு இன்னும் குழந்தைதான், நேற்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. இத்தனைக்கும் காரணம் அவள் இல்லை, நான். அதிலும் ஒரு தவறும் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. அதைத்தான் விளக்கப்போகிறேன், பொறுமையாகப் படி.

பங்கு வெளியிடும் கம்பெனி, தனக்கு என்னென்ன கெடுதல் வரக்கூடும் என்று தானே எழுதி ஊருக்கெல்லாம் காட்ட வேண்டும் என்பது சட்டம். அதற்கு இடர்கள் அத்தியாயம் என்று பெயர். பெண் பார்க்க வருகிறவர்களிடம் பெண்ணின் பிடிவாதத்தையும் குறட்டையையும் நாமே சொல்லிவிடுவதைப் போன்றது. குழந்தை எழுதி வைத்திருந்ததைப் பார்த்தேன், ஒன்பதே பக்கம். செருப்பு விற்கும் இன்னொரு இணையக் கம்பெனியின் அத்தியாயத்தையும் பார்த்தேன், நாற்பது பக்கம். எனக்கு அவமானமாகப் போய்விட்டது. செருப்புக்கு நாற்பது பக்க ஆபத்து இருக்கும்போது நம் மூடிக்கு ஒன்பதா? நான் யார்? காப்பீட்டு அலுவலகத்தில் இழப்பீட்டுப் பிரிவில் தலை நரைத்தவன். எங்கே எது கெட்டுப்போகும் என்று பார்த்துப் பார்த்தே ஓய்வு பெற்றவன். "நீ தூங்கும்மா, அப்பா பாத்துக்கறேன்" என்றேன். வக்கீலம்மாவிடம், வீட்டு விஷயங்களையும் எழுதலாமா என்று கேட்டேன். "சார், எழுதினதால யாரும் மாட்டினதில்ல. மறைச்சாத்தான் மாட்டுவாங்க" என்றார். அதற்குப் பிறகு என் பேனாவை யார் நிறுத்த முடியும்?

முதலில் பெருந்தொற்றைப் பற்றி எழுதினேன். உனக்கு நினைவிருக்கும், அந்தத் தொற்றில்தான் குழந்தைக்கு வேலை போயிற்று. ஊரே வீட்டில் உட்கார்ந்து சமைத்தது. சமைத்த கையோடு மூடிகளைத் தொலைத்தது, நசுக்கியது, கண்ணாடி மூடி என்றால் உடைத்தது. நம் வீட்டிலேயே குழம்புச் சட்டியைச் சாப்பாட்டுத் தட்டால் மூடி வைத்து, சாப்பிடும்போது தட்டைத் தேடுவோம். பாத்திரம் விற்க ஆயிரம் பேர் உண்டு, மூடியை மட்டும் விற்க ஒருவரும் இல்லை என்று கண்டுபிடித்தாளே, அந்த மூளை யாருக்கு வரும்? பாத்திரத்தின் வாயைக் காகிதத்தில் வைத்துக் கோடு போட்டுப் படம் எடுத்து அனுப்பினால் போதும், பொருந்துகிற மூடி வீட்டுக்கு வரும். தொற்றால் பிறந்த வியாபாரம் தொற்றாலேயே படுத்த கதையும் உண்டு. கிருமி உலோகத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். அனுப்பிய மூடிகளெல்லாம் திரும்பி வந்தன. அவற்றை இறக்கும்போது ஒரு மூட்டை அவிழ்ந்து, அத்தனையும் உன் கீழ்த்தளக் கூடத்தில் சுழன்று சுழன்று அடங்கிய சத்தத்தில் அத்தான் பூகம்பம் என்று தெருவுக்கு ஓடினாரே, அதையும் சேர்த்திருக்கிறேன். பெயர் போடவில்லை, "கட்டடத்தில் வசிக்கும் ஒரு நபர்" என்று கௌரவமாகத்தான் எழுதினேன்.

அடுத்தது அரசாங்கம். ஊரடங்கில் அத்தியாவசியப் பொருள்கள் போகலாம் என்று ஆணை வந்தது. பட்டியலில் பாத்திரம் இருந்தது, மூடி இல்லை. சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்திய காவலர், "மூடி சரி, பாத்திரம் எங்க?" என்று கேட்டார். பார்சல் கட்டி வண்டியோடு போன நம் டேப்புக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு திரும்பி வந்தார். என் பெண் அசரவில்லை. ஒவ்வொரு மூடியோடும் ஒரு சின்னக் கிண்ணம் வைத்தாள். இப்போது அது கிண்ணம், அதற்குக் கொஞ்சம் பெரிய மூடி. வண்டி போயிற்று. மறுமாதமே வரி அலுவலகத்திலிருந்து கடிதம்: தனி மூடிக்கு ஒரு வரி, கிண்ணத்தோடு சேர்ந்த மூடிக்கு வேறு வரி, இத்தனை நாள் எந்த வரி கட்டினீர்கள்? கிண்ணத்தை எடுத்தோம். உடனே வேறொரு அதிகாரி, மூடி தனிப்பொருளா, பாத்திரத்தின் அங்கமா என்று முடிவு செய்ய நேரிலேயே வந்துவிட்டார். நீதான் மாடிப்படியில் நின்று, "யாரது, முகக்கவசத்தை மூக்குக்கு மேல போடுங்க" என்று அதட்டி, அவர் பதில் சொல்வதற்குள் கிருமிநாசினியைத் தலை முதல் கால் வரை அடித்தாய். மனிதர் கண்ணைக் கசக்கிக்கொண்டே, "அங்கம்தான், அங்கம்தான்" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். இன்றுவரை அந்தக் காகிதத்தை வைத்துத்தான் கம்பெனி நடக்கிறது.

இப்போது சொல், இப்படிப்பட்ட உன்னை விட்டுவிட்டு நான் எப்படி இடர்கள் அத்தியாயம் எழுத முடியும்? ஆகவே எழுதினேன்: "கிடங்கு அமைந்துள்ள கட்டடம் நிறுவனரின் அத்தைக்குச் சொந்தமானது. அவருடைய மனநிலையை நிறுவனத்தால் முன்கூட்டியே கணிக்க இயலாது. அவர் இதுவரை அமைதி காத்தது, இனியும் காப்பார் என்பதற்கு உத்தரவாதம் ஆகாது." வக்கீலம்மா ஊர் பார்க்க இணையத்தில் ஏற்றிய வரைவிலிருந்து இதைப் பக்கத்து வீட்டு டீச்சர் தேடி எடுத்து உனக்கு வாசித்துக் காட்டினாராம். நீயும் உடனே வானத்துக்கும் பூமிக்கும் குதித்தாயாம். டீச்சர் வரிசையைச் சொன்னாரா? முதலிடம் பெருந்தொற்று, இரண்டாமிடம் அரசாங்கம், மூன்றாமிடம் நீ. தீவிபத்து உனக்குக் கீழே. வெள்ளம் உனக்குக் கீழே. போர் எட்டாவது. நம் குடும்பத்தில் யாருக்கு, அக்கா, இப்படி ஒரு இடம் கிடைத்திருக்கிறது? முதலீடு செய்யவிருக்கும் பெரிய மனிதர்களெல்லாம் உன் மனநிலையைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். இது பழி இல்லை, பட்டம்.

வேலை போன பெண் என்று உறவுக்காரர்கள் எல்லாம் அவளுக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருந்தபோது, நீ ஒரு வார்த்தை கேட்காமல் கீழ்த்தளத்துச் சாவியை அவள் கையில் வைத்தாய். எனக்கு அன்று அழுகை வந்துவிட்டது. அவள் வளர்ந்ததில் எனக்கு எவ்வளவு பெருமையோ, அதே அளவு பெருமை அவளுக்கு நீ அத்தையாக இருப்பதிலும் உண்டு. அச்சேறும் காகிதத்தில் இதை எழுத இடமில்லை, ஆபத்தைத்தான் எழுதச் சொல்கிறார்கள். அதனால் எனக்குத் தெரிந்த வகையில் எழுதினேன். சாவியைத் திரும்பக் கேட்காதே. உலகத்தில் ஆபத்து என்று பெயர் வாங்குவது கேவலம் இல்லை அக்கா. தூசிக்குச் சமமானவர்களை யாரும் எழுதுவதில்லை. கொஞ்சம் பெரிய மனதோடு எடுத்துக்கொள்.

அத்தானுக்கு என் வணக்கம். அவருடைய முழங்கால் தேவலையாக வேண்டும். உன் ஆசி எங்கள் எல்லோருக்கும் எப்போதும் வேண்டும். குழந்தைக்குக் கொஞ்சம் கூடுதலாக.

என்றும் உனக்கு அடங்கிய
தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் குழந்தை வந்து, "அத்தைய எடுத்துட்டேன்ப்பா, சாயங்காலம் போயி மன்னிப்பும் கேட்டுக்கறேன்" என்று திருத்திய அத்தியாயத்தைக் கொடுத்துவிட்டுப் போனாள். உன் பெயர் இல்லைதான். ஆனால் முதலிடத்தில், தொற்றுக்கும் அரசாங்கத்துக்கும் மேலே, இப்படி இருக்கிறது: "நிறுவனரின் தந்தை, நிறுவனத்தின் சார்பில் எதையும் எழுத அதிகாரம் இல்லாதவர். இருந்தும் எழுதுகிறார். அவரைத் தடுக்க எடுத்த முயற்சிகள் இதுவரை பலிக்கவில்லை. இனிப் பலிக்கும் என்பதற்கும் உறுதியில்லை." பெற்ற அப்பனைப் பற்றி ஊரறிய எழுதுகிற எழுத்தா இது? மேலே பட்டம், பெரிய மனது என்றெல்லாம் எழுதியதை அடித்துவிட்டுப் படி. நீ கோபப்பட்டது நூற்றுக்கு நூறு நியாயம். அவள் எழுதிய வாக்கியத்தில் மட்டும் ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியவில்லை, நாலு முறை படித்துப் பார்த்துவிட்டேன், என் பெண் அல்லவா. அது வேறு விஷயம். நீ கீழ்த்தளத்தைப் பூட்டிவிடு அக்கா. காலையில் பார்சல் வண்டி வரும், அதை அனுப்பிவிட்டுப் பூட்டு.