வரியில்லா மண்டலத்தைப் பூட்டி வைத்தவர்

கேட்ட அனுமதி கிடைக்காமல் அலைகிறவர்களைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை. கேட்ட அனுமதி கிடைத்த பிறகு அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிவிட்டு, யாராவது அதைப் பயன்படுத்த வந்தால் திருடனைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறவர் ஒருவர் இருக்கிறார். அவரைத்தான் உங்களுக்கு அறிமுகம் செய்யப்போகிறேன்.

எங்கள் ஊரில் அவர் பெயர் வெண்டல் ஹாஸ்கின்ஸ். ஒஹாயோவில், ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் சின்னத் துறைமுகத்தின் வாரியத் தலைவர். அந்த வாரியத்தில் எட்டு வருஷம் நடவடிக்கைக் குறிப்பு எழுதியவள் நான். காதால் கேட்டதைச் சொல்லவில்லை.

ஊருக்கு ஒரு வரியில்லா வர்த்தக மண்டலம் வேண்டும் என்று வாஷிங்டனுக்கு மனுப் போட்டார். சிபாரிசுக்கு மேயரிடம் ஒரு கடிதம், பாதிரியாரிடம் ஒரு கடிதம், பள்ளிக்கூடக் கால்பந்துப் பயிற்சியாளரிடம்கூட ஒரு கடிதம். விதி அதிகபட்சம் இரண்டாயிரம் ஏக்கர் என்றது, இரண்டாயிரத்தையும் கேட்டார். ஏரியைச் சேர்த்தால்தான் எங்கள் ஊர் அவ்வளவு தேறும். அனுமதி வந்த அன்று தீயணைப்பு நிலையத்தில் ஊருக்கே பான்கேக் விருந்து, ஆளுயரக் கத்தரிக்கோல், நீல ரிப்பன். உத்தரவை முழுக்கச் சத்தமாகப் படித்தார். ஐந்து வருஷத்துக்குள் சுங்கக் கண்காணிப்பில் மண்டலத்துக்குள் சரக்கு வராவிட்டால் அனுமதி தானாகவே காலாவதி ஆகிவிடும் என்ற வரி வந்ததும் ஒரு வாய் காப்பி குடித்தார். குடித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டார்.

மறு மாதமே பெவர்லி ஸ்டாஷக் வந்தாள். நாற்பது பேரை வைத்துச் சக்கர நாற்காலி செய்கிறவள். வெளிநாட்டிலிருந்து அவள் வாங்கும் சக்கரத்துக்கு வரி உண்டு; முழு நாற்காலியாக இறக்கினால் வரி கிடையாது! அதாவது, இங்கே செய்கிறவளுக்குத் தண்டனை, அங்கே செய்து அனுப்புகிறவனுக்கு வெகுமதி. மண்டலத்துக்குள் உட்கார்ந்து செய்தால் அவளுக்கும் வரி இல்லை. அவளுக்கு வேண்டியதெல்லாம் நாலு ஏக்கரும், வாரியத்தின் ஒரு சம்மதக் கடிதமும்தான்.

"நாலு ஏக்கரா?" என்றார் வெண்டல். "பெவர்லி, இங்க கார் கம்பெனி வரப்போகுது. விமான உதிரிபாகக்காரன் பேசிக்கிட்டிருக்கான். மொத மொதல்ல உள்ள போறது சக்கர நாற்காலின்னா பாக்கறவன் என்ன நெனைப்பான்?"

"உக்காந்து போக வசதியான ஊருன்னு நெனைப்பான். மீதி ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தாறு ஏக்கர் இருக்கே, வெண்டல்!"

"அடுத்த கூட்டத்துல பாக்கலாம்."

நான் குறிப்பில் எழுதினேன்: ஒத்திவைக்கப்பட்டது.

அதன்பிறகு அவள் வேலி போட்டாள், பூட்டு மாற்றினாள், மேலிடத்தில் வாங்கவேண்டிய அனுமதிகளையெல்லாம் வாங்கினாள், சுங்க அதிகாரியை அழைத்துவந்து காட்டினாள். அவரும் தலையாட்டிவிட்டுப் போனார். கடிதம் மட்டும் வரவில்லை. ஏன் வரும்? இந்த மாதிரி ஆட்களுக்கு அனுமதி என்பது கல்யாணத்துக்கு வைத்திருக்கும் பட்டுப்புடவை. தினசரிக்கு எடுத்துக் கட்டினால் கசங்கிவிடுமே! கார் கம்பெனிக்காரர் ஒருமுறை வந்தார் என்பது உண்மைதான். ஏரியில் மீன் பிடித்தார், நன்றி சொன்னார், போனார்.

ஐந்தாம் வருஷம் பெவர்லி கூட்டத்தில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினாள்.

"இன்னும் பதினொரு நாள்தான் இருக்கு. இன்னிக்கிக் கையெழுத்துப் போட்டீங்கன்னா நாளைக்கே என் சக்கரம் உள்ள வந்துடும். எனக்காக வேண்டாம், உங்க மண்டலத்தக் காப்பாத்திக்கவாவது போடுங்க."

"அவசரப்பட்டு அள்ளிக் குடுக்கறதுக்கு இது என்ன அன்னதானமா?" என்றார் வெண்டல். "அடுத்த கூட்டத்துல..."

அடுத்த கூட்டம் இருபது நாள் கழித்து. நான் ஒத்திவைக்கப்பட்டது என்று எழுதினேன். வெட்கமாக இருந்தது, ஆனாலும் எழுதினேன்.

பன்னிரண்டாம் நாள் மண்டலம் இல்லை. யாரும் வந்து ரத்து செய்யவில்லை, சண்டை போடவில்லை, சீல் வைக்கவில்லை. தானாகவே போயிற்று. பெவர்லி இருநூறு மைல் தள்ளி, உயிரோடிருக்கும் வேறொரு மண்டலத்துக்குத் தொழிற்சாலையை மாற்றினாள். நாற்பது பேரில் பதினேழு பேரால்தான் ஊரை விட்டுக் கூடப்போக முடிந்தது. மீதிப் பேரைத் தினமும் கடையில், தேவாலயத்தில் பார்க்கிறேன். என்னவென்று பேச?

வெண்டலுக்கு ஒன்றும் ஆகவில்லை. புது மனு தயாராகிறது. பயிற்சியாளர் மறுபடி கடிதம் கொடுத்துவிட்டார்.

சிரித்துவிட்டீர்களா? நல்லது. உங்கள் மேசைமேல் யாருடைய தாளாவது ஒரு கையெழுத்துக்காகக் கிடக்கிறதா? இன்னும் பெரிய ஆள் வரட்டும், இன்னும் நல்ல நாள் வரட்டும் என்று எதையாவது பூட்டி வைத்திருக்கிறீர்களா? இருந்தால் இப்போதே எழுந்து போய்க் கையெழுத்தைப் போட்டுவிட்டு வாருங்கள்.

என்ன, நாளைக்குக் காலையில் முதல் வேலையாகவா? வணக்கம், தலைவரே.