இரண்டு கல் பாதுகாப்பு

ஓட்டுநர் உரிமம் வாங்குவது எப்படி என்று என்னைக் கேளுங்கள். எந்தப் படிவம், எந்தச் சான்று, யார் கையெழுத்து, எல்லாவற்றையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். போக்குவரத்து அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் குப்பை கொட்டி, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன் நான். ஒரே ஒரு சிறிய குறை. எனக்கு கார் ஓட்டத் தெரியாது.

அறுபத்து மூன்று வயது வரை இதை யாரும் கேட்கவில்லை. நானும் விளம்பரப்படுத்தவில்லை.

இத்தனைக்கும் ஓய்வு பெற்ற மாதமே வெள்ளையாக ஒரு கார் வாங்கி, கொடைக்கானலில் எங்கள் வீட்டு வாசல் சரிவில் நிறுத்தியிருந்தேன். மலைக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. சரிவில் வண்டியை நிறுத்தினால், பிரேக்கை மட்டும் நம்பாமல் சக்கரத்துக்கு ஒரு கல்லை முட்டுக் கொடுப்பார்கள். வண்டி எந்தப் பக்கம் உருளுமோ அந்தப் பக்கம் ஒரு கல். நான் விதிமுறைக்காரன் ஆயிற்றே. பின்னால் ஒன்று, முன்னால் ஒன்று என இரண்டு கல் வைத்தேன். 'இரட்டைப் பாதுகாப்பு' என்று அதற்குப் பெயரும் சூட்டினேன்.

ஐந்து வருடத்தில் அந்தக் கற்களில் பாசி படர்ந்தது. காரின் உறையை என் மனைவி புஷ்பம் மாதம் தவறாமல் துவைத்தாள். (துவைத்துத் துவைத்து உறை நைந்துவிட்டது. உள்ளே கார் புத்தம் புதிதாக இருந்தது.) நானும் ஏறக்குறைய அதே நிலையில்தான் இருந்தேன். காலையில் பேப்பர், பதினோரு மணிக்குத் தெருக்காரர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பது, மாலையில் மூடுபனி இறங்குவதைக் குறை சொல்வது. 'எப்போ சார் வண்டி எடுக்கப் போறீங்க?' என்று கேட்டவர்களுக்கெல்லாம் 'பரிசீலனையில் இருக்கிறது' என்று பதில் சொன்னேன். அலுவலகத்தில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியும்.

புஷ்பத்துக்கும் தெரியும்.

அவளுக்கு ஆடலூரில் இரண்டு ஏக்கர் காப்பித் தோட்டம் உண்டு. அப்பா வழியில் வந்தது. பஸ் மாறி மாறிப் போய்ச் சேர்ந்தால் உச்சி வெயிலாகிவிடும். ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பும் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அவள் தம்பி அங்கே காப்பிச் செடிகளை எடுத்துவிட்டு, சுற்றுலாக்காரர்களுக்குக் காட்டேஜ் கட்டலாம் என்று இரண்டு வருடமாக நச்சரித்துக்கொண்டிருந்தான்.

ஒரு நாள் காலை உறையைக் காயப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "காப்பிப் பழம் எடுக்கறதுக்குள்ள நீங்க வண்டி ஓட்டலைன்னா, தம்பிக்கே குத்தகைக்கு விட்ருவேன். அம்புட்டுத்தான்."

"அவசரப்படாதே, அதெல்லாம்..."

"பரிசீலனையில இருக்கு. தெரியும்."

சொல்லிவிட்டு அவள் ஈர உறையை உதறிய உதறலில் ஒரு கண்ணீர்த் துளியும் இருந்ததோ என்று எனக்கு இன்றுவரை சந்தேகம். மறுநாளே பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தேன்.

ஆசிரியை செல்விக்கு என் வயதில் பாதிகூட இருக்காது. "சார், கிளச்சை மெதுவா விடுங்க. அது உங்க பியூன் இல்ல" என்பது அவளுடைய முதல் பாடம். ஆறு வாரத்தில் ஓரளவு ஓட்டினேன். ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். நிறுத்தும்போது இறங்கிக் கல் வைப்பதும், கிளம்பும்போது எடுப்பதும் செல்வியின் வேலை என்று இருந்துவிட்டேன். (கண்காணிப்பாளர்கள் குனிவதில்லை.)

தேர்வு நாள் வந்தது. மாதம் இருமுறை மலையில் முகாம் போடுவார்கள். யூகலிப்டஸ் மரங்களுக்கு நடுவே செங்குத்தாக ஏறும் ஒரு சாலைதான் தேர்வுக் களம். ஆய்வாளர், நான் பணியில் இருந்தபோது புதிதாகச் சேர்ந்தவர். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"ஐயா! நீங்க போய் வரிசையில நிக்கறதா? தாளைக் கொடுங்க, கையெழுத்துப் போட்டுடறேன்."

வாழ்க்கையில் எனக்கு வந்த மிகச் சிறந்த யோசனை அது. நான் என்ன செய்தேன்? சாலையோரம் நின்ற இருபது பேருக்கும் கேட்கும்படி, "விதி எல்லோருக்கும் ஒன்று. முறைப்படி தேர்வு வையுங்கள்" என்று முழங்கினேன். புஷ்பம் மரத்தடியிலிருந்து பெருமையாகப் பார்த்தாள். அந்தப் பார்வை மொத்தம் பத்து நிமிடம் நீடித்தது.

முறை வரும்வரை காரை ஏற்றத்தில், மேலே பார்த்தபடி நிறுத்தி வைத்திருந்தேன். செல்வி மற்ற மாணவர்களுடன் மேலே போய்விட்டதால், நானே குனிந்து, பொறுக்கியெடுத்த இரண்டு கற்களை வைத்திருந்தேன். பின்னால் ஒன்று. முன்னால் ஒன்று.

ஆய்வாளர் ஏறி அமர்ந்தார். கண்ணாடி பார்த்தேன், பெல்ட் போட்டேன், சைகை காட்டினேன். பாடப்புத்தகமே தோற்றது. முதல் கியர் போட்டுக் கிளச்சை விட்டேன். கார் ஒருமுறை விக்கியது. நின்றது.

"பரவால்லைங்கய்யா. இன்னொரு தடவை."

இன்னொரு தடவை. விக்கல். நின்றது. மூன்றாம் முறை ஆக்சிலரேட்டரை அழுத்தியதில் மரத்திலிருந்த குரங்குகள் இடம் மாறின. கார் மாறவில்லை. நான் ஆய்வாளருக்கு விளக்கம் அளிக்கத் தொடங்கினேன். உயரமான இடத்தில் காற்றின் அடர்த்தி குறைவு, எரிபொருள் சரியாக எரிவதில்லை, இது குறித்துத் துறை ஒரு சுற்றறிக்கை விட்டிருக்க வேண்டும் என்றெல்லாம். அவர் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு தலையாட்டினார்.

பின்னால் பூண்டு மூட்டை ஏற்றிய பிக்கப் ஒன்று வழி கிடைக்காமல் ஹாரன் அடித்தது. ஐந்தாம் முறை கார் விக்கி நின்றபோது அதன் டிரைவர் இறங்கி வந்து என் ஜன்னலைத் தட்டினார்.

"பெரியவரே, வெரசாப் போகணும், சோலி கெடக்கு. முன்சக்கரத்துல கல்லு கெடக்கே, பாக்கலையா?"

ரத்தம் தலைக்கேறியது. கதவைத் திறந்து இறங்கி, ஊருக்கே கேட்கும்படி கத்தினேன்: "எந்த மடையன் இங்கே கல் வைத்தது?"

மரத்தடியிலிருந்து புஷ்பத்தின் குரல் தெளிவாக வந்தது.

"நீங்கதாங்க வச்சீங்க. பின்னாடியும் ஒண்ணு கெடக்கு, பாருங்க."

"அது... இரட்டைப் பாதுகாப்பு."

"பின்னாடி வச்சது சரி. முன்னாடி எதுக்கு? மேல பாத்து நிக்கிற காரு தானா மலையேறிப் போயிடுமா?"

அந்தச் சிரிப்பு பழனி அடிவாரம் வரை கேட்டிருக்கும். பூண்டு டிரைவர் பானெட்டில் சாய்ந்துகொண்டு சிரித்தார். செல்வி மேலேயிருந்து ஓடி வந்து, விவரம் கேட்டு, மறுபடி மேலே ஓடினாள்; மற்றவர்களுக்குச் சொல்ல.

ஆய்வாளர் என் காதருகே, "ஐயா, நான் எதையும் பாக்கல. கல்லை எடுத்துட்டு ஒரு சுத்து போயிட்டு வாங்க, முடிச்சுடலாம்" என்றார்.

"ஐந்து முறை நின்றுவிட்டது. தேர்ச்சி பெறவில்லை என்று எழுதுங்கள்" என்றேன். அவர் கை தயங்கியது. எந்தக் கட்டத்தில் எழுத வேண்டும் என்பதையும் நானே காட்டினேன்.

திரும்பும் வழியில் செல்விதான் ஓட்டினாள். பின் இருக்கையில் புஷ்பம் மடியில் எதையோ வைத்திருந்தாள். பார்த்தால், அந்த முன்சக்கரக் கல்.

"தம்பிக்குப் போன் பண்ணட்டுமா?" என்றாள். கேலி இல்லை. குரல் இறங்கியிருந்தது.

அவள் கேட்ட விதம் ஊரே சிரித்ததைவிடச் சுட்டது. அந்தக் கல்லை வைத்தது அன்று காலையில் இல்லை, ஐந்து வருடத்துக்கு முன்பே என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"அடுத்த முகாம் வரைக்கும் பொறு" என்றேன்.

அந்தப் பதினைந்து நாளும் வெள்ளனே எழுந்து, பனியில் விரல் விறைக்க, பெருமாள்மலை வரை இறங்கி ஏறினேன். ஒவ்வொரு முறையும் நானே குனிந்து கல் வைத்தேன், நானே எடுத்தேன். "சார் குனியறாரு, மழை வரப்போகுது" என்றாள் செல்வி. மழையும் வந்தது. மழையிலும் ஓட்டினேன்.

அடுத்த முகாமில் என் முறை வந்தபோது ஆய்வாளர் காரில் ஏறுவதற்கு முன் நான்கு சக்கரத்தையும் எட்டிப் பார்த்தார். (மரியாதை அன்றோடு போயிற்று.) நான் அந்த ஏற்றத்தின் நடுவே நிறுத்தி, ஓர் அங்குலம்கூடப் பின்னால் உருளாமல் கிளப்பி, உச்சிக்குப் போய், திரும்பி வந்தேன். மரத்தடியில் நின்றவர்கள் கைதட்டினார்கள். புஷ்பம் தட்டவில்லை. அவள் ஏற்கெனவே தம்பிக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தாள்: "காட்டேஜ் எல்லாம் வேற எடத்துல கட்டிக்கடா. ஒங்க அத்தான் வண்டி எடுத்துட்டாரு."

அந்த வருடம் காப்பிப் பழத்தை நாங்களே நின்று எடுத்தோம். பண்ணைக்காடு, தாண்டிக்குடி வழியாக ஆடலூருக்கு நான் ஓட்டிப் போகாத வாரம் இப்போது கிடையாது. காரில் பாதி தோட்டத்து மிளகு வாசனை, பாதி என் பெருமை. உறை கிழிந்து தரை துடைக்கப் போய்விட்டது.

அந்தக் கல் மட்டும் எங்கள் வரவேற்பறையில் தொலைபேசிக்குப் பக்கத்தில் இருக்கிறது. சென்ற மாதம் சென்னையிலிருந்து மகன் கூப்பிட்டான். பிடிக்காத வேலையில் ஒன்பது வருடமாக இருப்பவன். விட்டுவிட்டுச் சொந்தமாகத் தொழில் தொடங்க வேண்டும், ஆனால் அது, ஆனால் இது என்று அரை மணி நேரம் அடுக்கினான். நான் நிதானமாக, "பரிசீலனை செய்..." என்று ஆரம்பிப்பதற்குள் புஷ்பம் போனைப் பிடுங்கினாள்.

"ஏலே, முன்சக்கரக் கல்லை எடுத்தியா, இல்லையா?"

மறுமுனையில் அவன் சிரித்தது எனக்கே கேட்டது. திங்கட்கிழமை ராஜினாமா கொடுத்துவிட்டானாம். புகழ் முழுவதும் அம்மாவுக்கு. மூலக் கோப்பு யாருடையது என்று யாரும் கேட்பதில்லை.