வெட்டுப்பட்ட வான்வளையம்

சலவைக்கடை மாடியில் இடம் கிடைக்காதவர்கள் படிக்கட்டில் நின்றார்கள். அங்கேயும் இடம் கிடைக்காதவர்கள் தெருவில் நின்று, மேலே போனவர்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டார்கள். அந்த மாடியில் ஜோசியம் சொல்லும் வான்வளையத்தாருக்கு அவ்வளவு மவுசு. கைரேகையெல்லாம் பழைய சரக்கு. இவர் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த படங்களில் தெரியும் ஒளிவளையங்களைக் காட்டி, "இதுதான் உன் வளையம்" என்பார். முழுசாக இருந்தால் யோகம். வெட்டுப்பட்டிருந்தால் பரிகாரம். வசதியானவர்களுக்கு ஏனோ வெட்டுப்பட்டதே வந்தது.

அந்த ஊர் அறிவியல் டீச்சருக்காக அவள் அப்பா போய்க் கேட்டபோது, பாதி வளையம்கூட இல்லாத வெறும் வில்தான் வந்தது. ஓய்வுபெற்ற வங்கி மேலாளரான அவர் அன்றே கல்யாணத்தை நிறுத்திவிட்டார். அவளே விரும்பித் தேர்ந்தெடுத்த மாப்பிள்ளை. அவளுக்கு அழுகையை முந்திக்கொண்டு கோபம் வந்தது.

மறுவாரம் அப்பாவோடு அவளும் போனாள். கைப்பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து நீட்டினாள். கறுப்புப் பின்னணியில் பளிச்சென்று ஒரு வளையம்.

"ஐயா, இதையும் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க. மாப்பிள்ளையோட வளையம். என்னோடதுக்குப் பொருந்துமா?"

வளையத்தார் கண்ணை மூடினார். திறந்தார். "கோடி சூரியன் கூடின மண்டலம்மா இது. நாடாளுற யோகம். உன் வில்லுதான் இதைக் கெடுக்கும். பரிகாரம் பெரிசா செய்யணும்."

"இது உங்க வாசல் பல்புங்க ஐயா. நேத்து இது வழியா எடுத்தேன்" என்று, காம்பு வைத்த கண்ணாடிக் கோப்பை உடைந்து மிஞ்சிய வட்டமான அடிப்பாகத்தைக் காட்டினாள்.

அவள் தாளில் ஒரு புள்ளி வைத்து, அந்தக் கண்ணாடியைச் சற்று மேலே பிடித்தாள். புள்ளி வளையமாயிற்று. லேசாக நகர்த்தினாள். வளையம் வில்லாயிற்று.

"புள்ளி உடையலப்பா. அதே மாதிரிதான் வானத்துலயும். தூரத்து விண்மீன் மண்டலத்துக்கும் நமக்கும் நடுவுல இன்னொரு பெரிய மண்டலம் இருக்கு. அதோட ஈர்ப்பு வெளிச்சத்தை வளைக்குது. நேரா இருந்தா வளையம், விலகினா வில்லு."

அப்பா கண்ணாடியை வாங்கித் தானே நகர்த்திப் பார்த்தார். வளையம் சேர்ந்தது, பிரிந்தது, சேர்ந்தது. "இதுக்கா உன் கல்யாணத்தை நிறுத்தினேன்" என்று முணுமுணுத்தவர், அங்கேயே மாப்பிள்ளைக்குப் போன் போட்டார். வளையத்தார் பின்வாசலில் மறைந்தார்.

"டீச்சரம்மா, அந்தக் கண்ணாடியை வீட்ல வச்சா விசேஷமா?" என்றார் படிக்கட்டில் நின்ற ஒருவர்.

தூரத்து ஒளியை இப்படி வளைக்க ஒரு மண்டலத்தின் எடையே வேண்டும். நம்மை வளைக்க ஒரு படம் போதும். வளையத்தார்கள் கண்ணை மூடிக்கொள்ளட்டும், அது அவர்கள் பிழைப்பு. நாமும் ஏனய்யா கூடவே மூடிக்கொள்கிறோம்?