போன் எப்படி இருக்கு மாமா?

"கையில புடிச்சா வழுக்குதா மாமா, இல்ல நல்லா நிக்குதா?"

பிரான்சிலிருந்து மச்சான் சக்கரபாணி கேட்டதும் பலராமனுக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது. காதில் வைத்திருந்த பழைய போன்தான் வழுக்கியது. ஆனால் மச்சான் கேட்டது அதைப் பற்றியல்ல. போன மாதம் ஊருக்கு வந்த ஒரு சிநேகிதரிடம் கொடுத்தனுப்பினாரே, அந்தப் புதுப் போனைப் பற்றி.

"வழுக்கறதாவது! எடுத்தா கையோட ஒட்டிக்குது மச்சான்!"

"பின்பக்கம் கண்ணாடியாச்சே மாமா?"

"கண்ணாடிதான். ஆனா... ஒட்டற கண்ணாடி."

அடுப்படி வாசலில் நின்றிருந்த மகள் பூர்ணிமா தலையில் அடித்துக்கொண்டாள்.

அந்தப் போன் ஒட்டுமா வழுக்குமா என்று பலராமனுக்கு எப்படித் தெரியும்? அது வந்த அன்றே பெட்டியோடு பீரோவுக்குள் போய்ப் பட்டுப்புடவைகளுக்கு நடுவில் படுத்துவிட்டது. சாவி அவர் மனைவி பார்வதியின் இடுப்பில். அந்த பீரோவுக்குள் போன பொருள் எதுவும் இதுவரை திரும்பி வந்ததில்லை. பிரான்சு சென்ட் பாட்டில், பூப்போட்ட பீங்கான் தட்டுகள், பிளாஸ்டிக் உறை பிரிக்காத கம்பளி, வெளுத்துப்போய் விபூதிக் கட்டி மாதிரி ஆகிவிட்ட சாக்லெட் டப்பா எல்லாம் அங்கேதான் குடித்தனம் நடத்துகின்றன.

"நல்லதையெல்லாம் எடுத்துப் பொழங்கிட்டா, அப்புறம் நம்ம வூட்ல நல்லதுன்னு என்னா இருக்கும்?" என்பது பார்வதியின் கட்சி. "அதுவும் ஆடி மாசத்துல யாராவது புதுசு பிரிப்பாங்களா?"

"அம்மா, அது போன். கல்யாணப் பொண்ணு இல்ல," என்றாள் பூர்ணிமா.

"நீ சும்மா இரு. நீ பிரான்ஸுக்குப் போறப்ப உன் கையில புதுசா குடுத்தனுப்பலாம்னு இருக்கேன்."

"அங்கேந்து வந்ததை அங்கயே அனுப்பறியா?"

"மாமன் மனசு குளிரும் இல்ல?"

மாமன் மனசு குளிருவது இருக்கட்டும், கொதிக்காமல் இருந்தால் போதும் என்பது பலராமனின் கவலை. பூர்ணிமாவுக்குப் பாரிஸ் பக்கத்தில் ஒரு காலேஜில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. விடுதி கிடைக்கவில்லை. "எங்க வூடு இருக்கறப்ப அவளுக்கு எதுக்கு ஹாஸ்டல்?" என்று சக்கரபாணிதான் சொன்னார். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் எல்லா ஏற்பாடும் நடந்துகொண்டிருந்தது.

பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ள பெண்ணைக் கட்டிக்கொண்டு போய் அங்கேயே நிலைத்துவிட்டவர் பார்வதியின் தம்பி சக்கரபாணி. தங்கமான மனுஷன். ஆனால் கொடுத்த பொருளை யாராவது மதிக்கவில்லை என்று தெரிந்தால் அந்தத் தங்கம் அப்படியே தணலாகிவிடும். அவர் கொடுத்த சென்ட்டைச் சித்தப்பா ஒருவர் யார் வீட்டுக் கல்யாணத்திலோ அன்பளிப்பாக நீட்டிவிட்டார் என்று கேள்விப்பட்டதிலிருந்து அந்த வீட்டு வாசப்படியை இவர் மிதிப்பதில்லை. பெட்டியைப் பிரிக்கவே இல்லை என்று தெரிந்தால் மகள் படிப்பு அம்போதான்.

"அப்பா, உண்மைய சொல்லிடுப்பா. ஒரு பொய்க்கு ஒம்பது பொய் சொல்லணும்," என்றாள் பூர்ணிமா.

"ஒம்பதுதானே? சமாளிச்சிடலாம்," என்றார் பலராமன்.

அதற்கு வழியும் கிடைத்தது. ஆபீசில் பக்கத்து சீட் ராஜ்கமல் அதே போனை வாங்கியிருந்தான். மயில் கழுத்து நிறம். சாய்த்தால் பச்சை, நிமிர்த்தினால் நீலம். வெற்றிலை கனம்கூட இல்லை. பலராமன் நாற்காலியை அவன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

"ராஜ்கமலு, போன் எப்புடி? சூடாவுதா?"

"வெயில்ல பைக் மேல வெச்சிட்டேன் சார். தோசையே ஊத்தலாம்."

"சார்ஜி நிக்குதா?"

"காலையில ஃபுல்லா போட்டா, சாயங்காலம் மூச்சு வாங்குது. ஆனா அழகு சார். அழகுக்காகத்தான் வாங்கினேன்."

கொடுத்தவரிடம் குறை சொல்வது குலத்துக்கே இழுக்கு. ஆகவே ஞாயிற்றுக்கிழமை சக்கரபாணி கூப்பிட்டபோது, பலராமன் அந்தத் தகவல்களை நன்றாக வெளுத்துக் காயப்போட்டுத்தான் கொடுத்தார்.

"சூடா? தொட்டா பானைத் தண்ணி மாதிரி இருக்கு மச்சான். சார்ஜி போடற வேலையே இல்ல."

கடைசியில் சொன்னது சத்தியமான உண்மை. பார்வதி சாவியைக் கொடுத்தால்தானே சார்ஜ் போட?

"நெஜமாவா மாமா? அப்ப தைரியமா பொழங்கலாங்கறீங்க?"

"கண்ண மூடிக்கினு பொழங்கலாம்!"

எதிர்முனையில் ஒரு நிம்மதிப் பெருமூச்சு கேட்டது. பலராமனும் ஒன்று விட்டார். ஆனால் மச்சான் அதோடு விடவில்லை. "கேமரா எப்புடின்னு தெரியணும் மாமா. தண்ணி, வெயில், மரம் எல்லாம் வர்ற மாதிரி ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க."

அடுத்த சனிக்கிழமை பலராமன், ராஜ்கமலுக்கு பஜ்ஜி ஆசை காட்டி நோணாங்குப்பம் படகுத் துறைக்கு இழுத்துக்கொண்டு போனார். காயலும் வெயிலும் ஓரத்து மரங்களும் படத்தில் கண்ணைப் பறித்தன. படகில் பலராமன் நின்ற நிலையைப் பார்த்தால் கப்பல் கம்பெனி முதலாளி என்றே சொல்லலாம். ராஜ்கமல் தன் போனிலிருந்து அவருடைய பழைய போனுக்கு அனுப்பினான். அவர் அதை பிரான்சுக்குத் தள்ளிவிட்டார். மச்சான் உடனே கூப்பிட்டார்.

"படம் சூப்பரு மாமா. ஆனா மேல 'ஃபார்வேர்டட்'னு போட்டிருக்கே? உங்க போன்ல எடுத்ததுதானே?"

"ரெண்டு சிம்மு மச்சான்! இந்த சிம்முலேந்து அந்த சிம்முக்குப் போயி... அங்கேந்து உனக்கு வருது."

"ஓ! அப்புடி ஒரு வசதி இருக்கா?"

"இருக்கே!"

"அது சரி, உங்களை யாரு எடுத்தது?"

"அது... தானே எடுத்துக்கும் மச்சான். படகு பலகையில சாய்ச்சி வெச்சேன்."

"தண்ணியில விழுந்திருந்தா?"

இங்கேதான் பலராமன் ஆழம் தெரியாமல் காலை விட்டார். "விழுந்துதே!" என்றார். "தொபுக்கடீர்னு விழுந்துது. படகுக்காரரு எடுத்துக் குடுத்தாரு. தொடச்சி வெச்சேன், பாட்டு பாடுது!"

பூர்ணிமா சுவரில் முட்டிக்கொண்டாள். மறுமுனையில் சக்கரபாணி உணர்ச்சிவசப்பட்டுச் சொன்னார்: "மாமா, இதை நான் நேர்லயே பாக்கணும். இந்த வருஷம் வகான்ஸ் லீவுக்கு ஊருக்கு வர வேணாம்னு இருந்தோம். இப்ப லீவு போட்டுட்டு வர்றோம். வெள்ளிக்கிழமை உங்க வூட்லதான் சாப்பாடு."

அந்த வாரம் முழுக்க பலராமனுக்குச் சோறு இறங்கவில்லை. ஆபீசில் ஒரே கடுதாசியில் ரெண்டு தடவை சீல் குத்தினார். பீரோ சாவி கேட்டுப் பார்வதியிடம் கெஞ்சினார், கொஞ்சினார், கத்தியும் பார்த்தார்.

"தண்ணியில விழுந்ததுன்னு நீங்கதானே சொன்னீங்க? இப்ப சீல் ஒடைக்காத பொட்டியிலேந்து எடுத்துக் குடுத்தா நம்புவாங்களா?"

அவள் சொன்னதிலும் ஞாயம் இருந்தது. அதுதான் அவருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. கடைசியில், ஒரே ஒரு மத்தியானத்துக்கு மட்டும் ராஜ்கமலின் போனை இரவல் வாங்குவது என்று முடிவானது. அதில் நாலு கீறலும் ஒரு சொட்டையும் இருந்தன. காயலில் விழுந்து எழுந்த போனுக்கு வேண்டிய லட்சணமெல்லாம் பொருந்தியிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கே காரில் வந்து இறங்கிவிட்டார்கள்.

"பொன்ழூர் மாமா!" சக்கரபாணி பலராமனைக் கட்டிக்கொண்டார். பின்னால் அவர் மனைவி அன்புசெல்வி, "அண்ணா, நல்லாயிருக்கீங்களா? பூர்ணிமாவுக்கு ரூம் ரெடி பண்ணிட்டேன்," என்றாள். பலராமனுக்குக் கண் கலங்கிவிட்டது. தண்ணீர்கூடக் குடிக்காமல் சக்கரபாணி கையை நீட்டினார்.

"எங்க மாமா போனு?"

பலராமன் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். சக்கரபாணி அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார். தடவினார். ஓரத்துச் சொட்டையைப் பார்த்து, தனக்கே அடிபட்ட மாதிரி "த்சொ" கொட்டினார். பிறகு பொத்தானை அமுக்கினார். திரையில் சிவப்புச் சுடிதாரில் ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். ராஜ்கமலின் மனைவி.

"யாரு மாமா இது?"

"கம்பெனிக்காரன் போட்டு அனுப்புற படம் மச்சான்."

"பிரான்ஸுல வாங்குன போன்லயா?"

அதற்குள் போன் அடித்தது. திரையில் 'செல்லம்' என்று வந்தது. பலராமன் பதறிப்போய்ப் பிடுங்கி நிறுத்தப் பார்த்தார். எதையோ அமுக்கினார். ஸ்பீக்கரில் அந்தப் பெண்ணின் குரல் வீடு முழுக்கக் கேட்டது.

"எங்கய்யா போயித் தொலைஞ்ச? மத்தியானம் சாப்பாட்டுக்கு வருவியா மாட்டியா? மீன் கொழம்பு ஆறிப்போவுது!"

இரவல் விஷயம் தெரிந்த பார்வதியே ஒரு கணம் புருஷனைச் சந்தேகமாகப் பார்த்தாள். சக்கரபாணியின் முகம் சிவந்துவிட்டது.

"அக்கா, இது எத்தினி நாளா நடக்குது?"

"மச்சான், சத்தியமா அவ யாருன்னே எனக்குத் தெரியாது!"

"தெரியாமதான் மீன் கொழம்பு வெக்கிறாளா? இந்த லட்சணத்துல பொண்ணை வேற எங்க வூட்டுக்கு அனுப்பறீங்களா?"

பூர்ணிமாவின் கண்ணில் மளுக்கென்று நீர் கோத்துக்கொண்டது. அதைப் பார்த்ததும் பலராமனுக்கு எல்லாம் விட்டுப்போயிற்று.

"பார்வதி, பீரோவத் தொற."

"ராகு காலங்க!"

"என் ராகு காலம் போன மாசமே ஆரம்பிச்சிட்டுது. தொறடி!"

பட்டுப்புடவைகளுக்கு நடுவிலிருந்து பெட்டி வெளியே வந்தது. பாச்சா உருண்டை வாசனை அடித்தது. பலராமன் அதை மச்சான் கையில் வைத்துவிட்டு, ஒட்டற கண்ணாடியிலிருந்து படகுக்காரர் வரைக்கும் அத்தனையையும் கொட்டிவிட்டார். "எல்லாம் நான் சொன்ன பொய்யி. நீ மனசு நோவக்கூடாதுன்னு பயந்துக்கினு சொன்னேன். என்னை என்னா வேணா திட்டு மச்சான். வாசப்படி மிதிக்காத. என் பொண்ணை மட்டும் உட்டுடாத."

சக்கரபாணி உடையாத சீலை விரலால் தடவிக்கொண்டே நின்றார்.

கடைசியில் சக்கரபாணி தலையைத் தூக்கினார். முகத்தில் கோபம் இல்லை, பரிதவிப்புதான் இருந்தது. "அப்ப நெஜமாவே அது வழுக்குமா, வழுக்காதா மாமா?"

அதுவரை வாயைப் பொத்திக்கொண்டிருந்த அன்புசெல்வி, சிரிப்பை அடக்க முடியாமல் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"அய்யோ அண்ணா, இவரும் இதே மாதிரி தனக்கொண்ணு வாங்கி, சீல் ஒடைக்காம எங்க வூட்டு பீரோவுல வெச்சிருக்காரு, நீங்க பொழங்கிப் பாத்து நல்லாயிருக்குன்னு சொன்னப்புறம் பிரிக்கலாம்னுதான் வாராவாரம் உங்களுக்கு போன் போட்டாரு!"