வேம்புலியம்மாளின் காகிதமும் என் ஜப்பானிய பாஷையும்

பூந்தமல்லி,
3-10-1946

சிரஞ்சீவி வரதனுக்கு, அக்கா சாமுண்டீஸ்வரி ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கு நானும் கிணற்றுத் தண்ணீரும் சௌக்கியம். டில்லியில் நீயும் குழந்தைகளும் எங்களைவிடச் சௌக்கியமாக இருக்க வேண்டும்.

ஐம்பதை எட்டும் வயதில் ஜப்பானிய பாஷை எதற்கு என்று கேட்டிருந்தாய். நியாயமான கேள்விதான். எனக்குப் பால் ஊற்றுகிறவள் பாரிவாக்கத்து வேம்புலியம்மாள். அவள் புருஷன் கன்னியப்பன் பத்து வருஷத்துக்கு முன் மலாய்த் தோட்டத்துக்குப் போனவன். யுத்தத்தில் ஜப்பான்காரர்கள் அவனைச் சயாமுக்கு ரயில் பாதை போட இழுத்துப் போனார்கள். அதோடு தகவல் நின்றுவிட்டது. ஆடி மாதம் கப்பலில் திரும்பிய ஒருவன், கன்னியப்பனின் பெட்டியில் கிடந்தது என்று ஒரு காகிதத்தைக் கொடுத்துவிட்டுப் போனான். முழுக்க ஜப்பானிய எழுத்து, கீழே சிவப்பு முத்திரை. அது சாவுச் சீட்டுதான், கருமாதி செய்து அவள் தாலியை வாங்கிவிட வேண்டும் என்று கன்னியப்பனின் அண்ணன் துலுக்கானம் ஊரைக் கூட்டினான். கெட்டவன் அல்ல. "தம்பி ஆவி ஒரு வாய் தண்ணிகூட இல்லாம அலஞ்சிகினு கீதோ இன்னாவோ" என்று என் எதிரிலேயே அழுதான். வேம்புலியம்மாள் அழவில்லை. காகிதத்தை என் மேஜைமேல் வைத்து, "பி.ஏ. பட்ச்ச அம்மா படிச்சி சொல்லட்டும், அப்பால பாத்துக்கலாம்" என்றாள். ஊராரும் சரி என்றார்கள். பி.ஏ.யில் ஜப்பானிய பாஷை கிடையாது என்று நான் சொன்னதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஆவடி ராணுவ முகாமில் கழித்துவிட்ட புத்தகங்களிலிருந்து ஜப்பானியப் பாடப்புத்தகம் ஒன்றை வாங்கினேன். அது சிப்பாய்களுக்காக எழுதியது. ஒரே மாதத்தில் "துப்பாக்கியைக் கீழே போடு" என்றும் "உங்கள் படையில் எத்தனை குதிரைகள்?" என்றும் தடுமாறாமல் சொல்லக் கற்றுக்கொண்டேன், "உன் புருஷன் எங்கே?" என்பது எந்தப் பாடத்திலும் இல்லை. எழுத்து விஷயம் இன்னும் மோசம். ஒன்றுக்கு ஒரு கோடு, இரண்டுக்கு இரண்டு, மூன்றுக்கு மூன்று. நியாயமான ஜனங்கள் என்று நம்பினேன், நான்கில் கைவிட்டுவிட்டார்கள். எழுதிப் பழகிக் குப்பையில் போட்ட தாள்கள் காணாமல் போயின. விசாரித்தால், எதிர்வீட்டு எல்லம்மா ஒன்றைச் சுருட்டித் தாயத்துக்குள் வைத்துக் காய்ச்சல் கண்ட தன் பிள்ளையின் கையில் கட்டியிருக்கிறாள். காய்ச்சல் இறங்கிவிட்டது. "அது கொயினா மாத்திரையால் இறங்கியது" என்றேன். "ஆமாம்மா, கொயினாவும் குட்த்தேன். பெரிய புள்ளைக்கும் ஒண்ணு எய்திக் குடு, ராவுல பயந்துக்குது" என்றாள். மந்திரம் மாயம் எதையும் நம்பாத உன் அக்கா எழுதிய தாயத்து இன்று இந்தத் தெருவில் ஏழு கைகளில் இருக்கிறது. எல்லாவற்றிலும் குதிரைகளைப் பற்றித்தான் விசாரித்திருக்கிறேன்.

கடைசியில் காகிதத்தில் நான் படித்தது இவ்வளவுதான்: ஒரு தேதி, ஒரு மூன்று, மனிதன் என்பதற்கான எழுத்து. சாவுக்கு உரிய எழுத்து என் புத்தகத்தில் இருக்கிறது, காகிதத்தில் இல்லை. அதைச் சொன்னதும் வேம்புலியம்மாள் அன்றைக்கே பூ வாங்கி வைத்துக்கொண்டாள். ஆனால் செத்தான் என்று எழுதவில்லை என்பதும் உயிரோடு இருக்கிறான் என்பதும் ஒன்றல்லவே. எந்தச் சர்க்கார்தான் சாவை நேராக எழுதுகிறது? ஆகவே காகிதத்தைப் பார்த்து எழுதிய நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். உன் ஆபீசில் ஜப்பானிய பாஷை தெரிந்த ராணுவத்தார் இருப்பதாகச் சொன்னாய். காட்டி, என்ன இருந்தாலும் மறைக்காமல் எழுது. தெரியாமல் இருப்பதைவிடத் தெரிந்துகொள்வதே மேல் என்று இருபத்தைந்து வருஷமாக மாணவிகளுக்குச் சொல்லிவருகிறவள் நான்.

உன் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசீர்வாதம். சின்னவனை வெயிலில் விடாதே.

இப்படிக்கு,
அக்கா சாமுண்டீஸ்வரி

பி.கு. மறுநாள் எழுதுவது. உறையை ஒட்டப்போகும் சமயத்தில் வேம்புலியம்மாள் பாலோடு வந்தாள். சந்தோஷப்படுவாள் என்று நினைத்து, பத்து நாளில் டில்லியிலிருந்து பதில் வந்துவிடும் என்றேன். செம்பைக் கீழே வைத்துவிட்டாள். "உன்ன யாரும்மா அவசரப்படுத்தனாங்க? நீ பட்ச்சிகினு கீறவரிக்கும் எவனும் என் தாலில கை வெக்க மாட்டான். மெதுவா படியேன்" என்றாள். நகலை உறையிலிருந்து எடுத்துவிட்டேன். நீ யாரையும் கேட்க வேண்டாம். சாயங்காலம் துலுக்கானம் வந்தான். படித்து முடிக்க மூன்று வருஷம் ஆகும் என்றேன். என் வேகத்துக்கு அது பொய்யும் அல்ல. அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தெருப்பக்கம் பார்த்தபடி நின்றான். "ஊர்ல கேட்டா நாலு வருசம்னு சொல்லிடும்மா" என்றான்.

ஜப்பானிய அகராதி ஒன்று அனுப்பு. கிடைப்பதிலேயே பெரியதாக இருக்கட்டும்.